தாடி மழிக்கப் போன மருமகன்

நான் அவரைத் துரத்தவில்லை. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமியார்காரி பையைத் தூக்கி வாசலில் எறிந்தாளாம், போ போ என்று கத்தினாளாம், மருமகன் தலையைக் குனிந்துகொண்டே போனாராம். பை விழுந்தது உண்மை. நான் கத்தியதும் உண்மை. மற்றதெல்லாம் அவள் ஜன்னலில் நின்றபடி ஊசியும் நூலும் இல்லாமலே தைத்தது.

இன்னொரு பேச்சும் உலவுகிறது. எதிர்ப்புறத்து ஓய்வுபெற்ற கண்டக்டர் கிளப்பிவிட்டது. "நம்ம தலைக்கெல்லாம் கை வைக்க மாட்டேன்னவர், ஆஸ்பத்திரின்னதும் அங்க ஓடிட்டார் பாருங்க" என்கிறாராம். என் மருமகன் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அவர் வந்து பதில் சொல்லட்டும் என்று எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். அவள் அந்த மனிதரின் மனைவி, அதனால் சில இடங்களில் பேனாவை நிறுத்தப் பார்ப்பாள். நான் விடுவதாக இல்லை.

என் மருமகன் முடிதிருத்துபவர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. கடைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. தெருவில் அவர் பெயர் 'அரைநிமிஷம்'. யார் எட்டிப் பார்த்தாலும், "உக்காருங்க, அரை நிமிஷம்" என்பார். அந்த அரை நிமிஷத்துக்குள் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். இருந்தாலும் யாரும் எழுந்து போனதில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவர் கத்தி எந்த முகத்திலும் ஒரு பொட்டு ரத்தம் பார்த்ததில்லை.

பெண் கேட்டு வந்த அன்றைக்கே இரண்டு மணி நேரம் தாமதம். நாங்கள் எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். வந்தவர், கடையில் ஒருவருக்குக் கிருதா இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை, அப்படியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்றார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. என் மகளுக்கு அப்போதே பிடித்துவிட்டது.

சவரம் முடிந்ததும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் சூடான துணி, அப்புறம் படிகாரம், கடைசியாக ஒரு சின்ன டப்பாவிலிருந்து வெள்ளை கிரீமை விரல் நுனியில் எடுத்து இரண்டு கன்னத்திலும் தேய்த்துவிடுவார். பிறகுதான் நாற்காலியைச் சுழற்றிக் கண்ணாடிக்கு நேரே நிறுத்துவார். அவசரம் என்று எழுந்தவரையும் தோளை அழுத்தி உட்கார வைப்பார். "மூஞ்சிய பாதியில விட்டு அனுப்பக்கூடாது அத்தை" என்பார் என்னிடம். அந்த கிரீம்தான் பின்னால் எங்களைப் படாத பாடு படுத்தியது.

ஊரில் நோய் பரவியதும் கடைகளை மூடச் சொன்னார்கள். ஷட்டர் இறங்கியது. வேலையில்லாத முடிதிருத்துபவரை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் குளித்துவிட்டுக் கத்தரிக்கோல்களைத் துடைத்து வரிசையாக வைப்பார். மத்தியானம் அவற்றையே மறுபடி துடைப்பார். ஒரு நாள் பார்த்தால் என் துடைப்பத்தின் நுனியை ஒரே மட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்.

"அதுக்குக் கிருதா வைக்கலையா மாப்பிள்ளை?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் சமமா வரல அத்தை" என்றார், சிரிக்காமல்.

தெருக்காரர்கள் பின்வாசலைத் தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் கண்டக்டர்தான்.

"காதுக்கு மேல மட்டும் கொஞ்சம் எடுத்து விடுப்பா. யாருக்கும் தெரியாது."

"உங்க காது வெளிய வந்தா ஊருக்கே தெரியும்ணே" என்றார் மருமகன்.

ஒருவருக்கு வெட்டினால் இருபது பேர் வருவார்கள், இருபது பேரின் மூச்சும் அந்த ஒரே அறைக்குள் சுற்றும், மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கண்டக்டருக்குக் கோபம். மாடியில் தையல்காரம்மா, துணி வெட்டும் கத்தரிக்கோலால் தன் வீட்டுக்காரருக்கு வெட்டிவிட்டாள். பின்மண்டை படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் அதற்கப்புறம் துணி காயப்போட மாடிக்குப் போனாலும் தொப்பியோடுதான் போனார். அந்தக் கோபமும் எங்கள் மேல்தான் வந்து விழுந்தது.

ஊரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? என் மேல்வரிசைப் பல்செட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து ஓரத்தில் உடைந்துவிட்டது. பல் டாக்டரின் கதவிலும் பூட்டு. செட்டு ஈறில் ஒட்டாது. பேசினால் நழுவும், மென்றால் சுழலும். மூன்று வேளையும் ஊறிய ரொட்டிதான். ரொட்டி எத்தனை வேளையோ, என் புலம்பலும் அத்தனை வேளை. ஊரே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இதை மறைக்க நினைத்தால், அவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை.

ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு நர்ஸ் போன் செய்தாள். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருக்கும் பெண். மருமகன் போனை மேசைமேல் வைத்தார், எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, ஒரு மத்தியானம் இங்க வர முடியுமா? மூச்சு மிஷினோட மாஸ்க் தாடி மேல ஒட்ட மாட்டேங்குது. பக்கவாட்டுல காத்து போயிடுது. நாங்க ஷேவ் பண்ணா ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் ஆகுது. கைக்கு ரெண்டு கிளவுஸ் போட்டுக்கிட்டு வரவே மாட்டேங்குதுண்ணே. வெட்டிடுறோம்."

"எத்தனை பேரு தங்கச்சி?"

"இப்போதைக்குப் பதினோரு பேரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். மாட்டேன் என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிப்போனது, சாயங்காலம் கொண்டுவந்து விட்டது. அங்கேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு, ஷட்டர் வழியாக நேரே கடைக்குள் போய்விட்டார். பத்து நாள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவரே வைத்த சட்டம். சாய்கிற நாற்காலிதான் படுக்கை. தட்டைக் கதவருகே வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். அவர் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்.

மூன்று நாள் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. நான்காம் நாள் கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, முப்பத்திரண்டு பல்லு இருக்கறவரே மெல்லலைன்னா, நான் யாரப் பார்த்துச் சாப்பிடறது?"

உள்ளே தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் அத்தை" என்றார்.

பதினோரு பேரில் பத்துப் பேருக்கு மழிக்கும்போது நர்ஸ் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். மழித்தவுடன் அவளே மாஸ்க்கை மாட்டிவிட்டிருக்கிறாள். கடையில் அரை மணி எடுப்பவர் அங்கே ஆளுக்கு மூன்று நிமிஷத்தில் முடித்திருக்கிறார், ஒரு கீறல் இல்லை. பதினோராவது ஆள் ஏழாம் படுக்கைக்காரர், இவர் வயசுதான் இருக்கும். இவர் மழித்து முடிக்கும்போது பக்கத்துப் படுக்கையில் யாரோ கூப்பிட, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். இவருடைய கை, அதுபாட்டுக்கு, சாமான் பெட்டியிலிருந்து அந்த டப்பாவை எடுத்திருக்கிறது.

"நான் யோசிக்கவே இல்ல அத்தை. ரெண்டு கன்னத்துலயும் தேய்ச்சுட்டேன். அவரும் என்னைப் பார்த்து லேசா சிரிச்சார். வாசனை பிடிச்சிருந்துச்சு போல."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு வந்து மாஸ்க்க வச்சு வாரை இழுத்துச்சு. வழுக்குது. திரும்ப இழுத்துச்சு, திரும்ப வழுக்குது. மிஷின் கத்துது. திரையில நம்பர் எறங்குது. யார் உங்கள கிரீம் போடச் சொன்னாங்கன்னு கேட்டுச்சு. ஆக்ஸிஜன் பக்கத்துல எண்ணெய்ப் பசையே இருக்கக்கூடாதாம், தீப்பிடிக்குமாம். நான் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு பேரு துடைச்சு, கழுவி, காயவச்சு, மறுபடி வச்சாங்க. அவ்வளவு நேரமும் அந்த மனுஷன் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்."

"பிழைச்சாரா?"

"நான் வர்றப்ப நம்பர் ஏறிடுச்சு. அப்புறம் கேக்கல. கேக்க தைரியம் இல்ல."

இனி அங்கே போக மாட்டேன் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வீட்டு மனிதர் வீட்டோடு இருப்பார் இல்லையா? ஆறுதல் சொல்கிற மாதிரி, நல்ல முடிவு மாப்பிள்ளை என்றேன்.

எட்டாம் நாள் நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை ஒரு மாசம், அங்கேயே தங்கி. அறை தருகிறார்கள், உடுப்பு தருகிறார்கள், எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று முதல் நாள் சொல்லியும் கொடுக்கிறார்கள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பாவி நான், "இடுப்பு வலின்னு சொல்லுங்க" என்று வாயசைத்தேன்.

அவர் உடனே சொல்லவில்லை. "ஏழாம் படுக்கைக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"இருக்கார்ணே. இன்னும் மிஷின்லதான். தாடிதான் திரும்ப முளைச்சிடுச்சு."

போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் இடுப்பு வலி என்று சொன்னார். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சரிண்ணே, உடம்பப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நடந்ததை என் மகள் எழுத வேண்டாம் என்கிறாள், அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. சிரிக்கட்டும். செட்டு உரசி ஈறு புண்ணாகிவிட்டது. இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு போட்டால் உரசாது என்று மாடியிலிருந்து தையல்காரம்மா யோசனை சொன்னாள். தடவிக்கொண்டு போட்டேன். முதல் வாய் சூப்பிலேயே செட்டு வழுக்கிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. முகமெல்லாம் சூப். எடுத்துக் கழுவினேன். ஈறைத் துணியால் ஈரம் போகத் துடைத்தேன். செட்டையும் துடைத்து அழுத்தினேன். நின்றது. எனக்குப் புரியாமல் இருக்க நான் என்ன கல்லா? பல் நழுவினால் எனக்கு ரொட்டி மிச்சம். அந்த ஏழாம் படுக்கைக்காரருக்கு நழுவினால் என்ன மிச்சம்? உடைந்த பல்லுக்காக ஒரு மாசமாக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு சொகுசுதான் என்று தோன்றியது. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"மாப்பிள்ளை, அந்த கிரீம எதுக்குப் போட்டீங்க?"

"பழக்கம் அத்தை. வேற என்ன சொல்ல?"

"போடக்கூடாதுன்னு அப்பத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப?"

"செத்தாலும் மறக்காது."

"அப்ப சொல்லுங்க. முடி வெட்டறவங்க இந்த ஊர்ல நிறைய பேரு இருக்காங்க. கிரீம் போட்டா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தவங்க எத்தனை பேரு?"

நானே தொடர்ந்தேன்.

"புதுசா ஒருத்தர் போனா அவரும் டப்பாவ எடுப்பாரு. இல்ல பவுடர் போடுவாரு. உங்க எல்லார் கையும் ஒரே மாதிரிதான். நீங்க ஒருத்தர்தான் எடுக்க மாட்டீங்க."

என் பின்னால் நின்றிருந்த மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, நேத்து இடுப்பு வலின்னு சொல்லச் சொன்னது யாரு?"

"நான்தான். இன்னைக்கு வேற சொல்றேன்."

"உனக்கு நெனச்சா ஒண்ணு, நெனைக்கலைன்னா ஒண்ணு."

"ஆமாடி. உனக்கு முப்பத்தெட்டு வயசாகுது, இன்னும் என்னைத் தெரியலையா?"

அவள் என்னை விட்டுவிட்டுக் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. எழுது, நீ சொன்னதைத்தான் சொல்கிறேன். உள்ளே அவர் நிற்கும் நிழல் கதவுக்கு அடியில் தெரிந்தது. "போறதா இருந்தா பயந்துக்கிட்டு போகாதீங்க. பயந்த கை நடுங்கும். போகலைன்னாலும் பரவாயில்ல, ஆனா இடுப்பு வலின்னு என்கிட்ட வந்து படுக்காதீங்க" என்றாள். "தினமும் மத்தியானம் போன் பண்ணணும். சாப்பிட்டேன்னு பொய் சொல்லக்கூடாது."

அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தார். அப்புறம் அவரே நர்ஸைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இடுப்பு வலி போயிடுச்சு."

"அதுக்குள்ளயாண்ணே? எந்த மருந்து?"

"எங்க அத்தை வைத்தியம். கொஞ்சம் கசப்பு, ஆனா உடனே கேக்குது."

போன் வழியாக அந்தப் பெண் சிரித்தாள். ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

பதினோராம் நாள் கிளம்பினார். நோய் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். தன் மாஸ்க்கும் சரியாக ஒட்ட வேண்டுமே என்று, கடைக் கண்ணாடியின் முன் நின்று தன் மீசையைத் தானே மழித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த மீசை. என் மகள் யாரோ என்று பார்த்துவிட்டு, "உங்க மேல் உதடு இவ்வளவு நீளமா? தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள். அவருடைய சாமான் பெட்டியை நான் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்தேன். கிரீம் இல்லை, பவுடர் இல்லை, வாசனைத் தண்ணீர் இல்லை. ஒரு கைக்கண்ணாடி மட்டும் இருந்தது.

"இது எதுக்கு?"

"கேட்டுட்டேன் அத்தை. கழுவித் துடைச்சா அனுமதி உண்டாம். மழிச்சதும் அவங்க மூஞ்சிய அவங்க பார்க்கணும் இல்ல?"

அதை வைக்க விட்டேன்.

பையில் என் மகள் ஒரு மாசத்துச் சோப்பு, துண்டு, பிஸ்கட், உள்ளாடை என்று திணித்துக் கல்லாக்கி வைத்திருந்தாள். நான் தூக்கி வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள், அதனாலேயே தூக்கினேன். வாசற்படி வரை தூக்கி வந்தேன், அங்கே கை விட்டுவிட்டது. பை இரண்டு படி உருண்டு தெருவில் போய் நின்றது. தையல்காரம்மா பார்த்த எறிதல் இதுதான்.

அவர் படியில் இறங்கிப் பையை எடுத்தார். மாஸ்க் போட்டிருந்ததால் மூச்செல்லாம் மூக்குக்கண்ணாடியில் ஏறிப் பனி மாதிரி படிந்திருந்தது. படி தெரியாமல் தலையைக் குனிந்து குனிந்து காலால் தேடினார். குனிந்த தலையின் கதையும் முடிந்தது.

எதிர்ப்புறம் நாற்காலியில் இருந்த கண்டக்டர், காதெல்லாம் முடியாக, "அப்ப எங்க தலையெல்லாம் என்னப்பா ஆகறது?" என்று கேட்டார்.

"வளரட்டும்ணே. அதனால மூச்சு ஒண்ணும் முட்டாது" என்றார் மருமகன்.

கண்டக்டர் காதோர முடியை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

பையைத் தோளில் போட்டவர் கிளம்பவில்லை. சாமான் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கடைசிப் படியில் நின்று என் பக்கம் திரும்பினார். பத்தொன்பது வருஷம் கத்தி பிடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மறுபடி ஏதாவது தப்பு நடந்துட்டா?"

"நடந்தா துடைச்சுட்டு மறுபடி செய்யுங்க. அன்னைக்கு அதத்தானே அவங்களும் செஞ்சாங்க?"

அப்போதும் நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் உள்ளே வந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்தால் நானே கதவைச் சாத்திக்கொள்வேன் என்றும் தெரிந்தது. என்னைத்தான் நான் நம்பவில்லை. அதனால்தான் கத்தினேன்.

"நிக்காதீங்க. போங்க. போங்கன்னு சொல்றேன்."

தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது, என் குரல் மாடிக்கு மட்டுமல்ல, தெருமுனைக்கே கேட்டிருக்கும். என் மகள் சின்னக் குரலில், "போயிட்டு வாங்க" என்றாள். அது எந்த ஜன்னலுக்கும் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது. தலையை அசைத்தார்.

வண்டி ஒன்றுமில்லாத தெருவின் நடுவிலேயே நடந்தார். முனையில் ஆஸ்பத்திரி வேன் நின்றது. உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள். பெட்டியை முதலில் கொடுத்து, பையைப் பிறகு கொடுத்து, கடைசியாக அவர் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பனி பிடித்த கண்ணாடியோடு பார்த்திருந்தாலும் எங்களைத் தெரிந்திருக்காது. நாங்கள் இரண்டு பேரும் வேன் திரும்பும் வரை வாசலிலேயே நின்றோம்.